பெருநாள் பண்டமும் பேணுதலும்

நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், குடவாசலில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தின் மூத்த அம்மையார் நம் இல்லம் தேடி வந்தார்கள். நம் வீட்டாரோடு உள்ளே அமர்ந்து, திரைக்கு அப்பாலிருந்து பேசினார்கள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிறு குப்பி ஒன்றைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்து நம்மிடம் அனுப்பினார்கள். கடைகளில் விற்கும் வெனிலா எஸன்ஸ் அது.

"ஹஜ்ரத், முப்பது வருஷமா பெருநாளைக்கு இதைத்தான் ஊத்துறேன். என் கையாலேயே என் புள்ளைங்களுக்கு ஹராமைக் கொடுத்துட்டேனா? நான் புடிச்ச நோன்பெல்லாம் என்னாகும்?" என்று கேட்டார்கள். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

நடந்தது இதுதான். பெருநாள் தொழுகை முடிந்து சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்திருந்தனர். சஹன் சாப்பாடு முடிந்ததும் குளிர வைத்த கஸ்டர்டு வருவதாக ஏற்பாடு. பாலும் பழமும் மாதுளை முத்துக்களும் கலந்து அதைச் செய்தவர் இளைய மருமகள். மாமியார் சொல்லிக் கொடுத்தபடியே இரண்டு மூடி எஸன்ஸ் விட்டிருந்தார். மலேசியாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த இளைய மகன் சமையலறையில் குப்பியைக் கண்டார். இதில் ஆல்கஹால் இருக்கிறது என்று சத்தமாகச் சொல்லி, எல்லோர் கண் முன்பாகவும் பாத்திரத்தோடு தூக்கிச் சென்று கொல்லைப்புறச் சாக்கடையில் கொட்டிவிட்டார். அவருடைய மனைவியின் தாயும் தகப்பனும் அங்கேதான் நின்றிருந்தனர். ஒரு வார்த்தையும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டனர்.

வாசகர்களே! இச்சம்பவத்தில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று குப்பியைப் பற்றியது. மற்றொன்று சாக்கடையைப் பற்றியது. அம்மையார் முதலாவதைத்தான் கேட்டார்கள். நாம் இரண்டையும் சேர்த்தே சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

குப்பியில் இருப்பது என்ன?

ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அப்பொருளை அறிந்துகொள்ள வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. அறியாததன் மீது சொல்லப்படும் சட்டம், கண்ணை மூடிக்கொண்டு எறியும் கல்லைப் போன்றது.

வெனிலா என்பது மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட கொடி. ஆர்க்கிட் வகுப்பைச் சேர்ந்தது. நம் நாட்டில் கேரளத்திலும் கர்நாடகத்திலும் மலைச்சரிவுகளில் பயிராகிறது. பறித்த பச்சைக் காய்க்கு மணமில்லை. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, வெயிலிலும் நிழலிலுமாகப் பல மாதம் உலர்த்திய பின்னரே அது கருத்து மணக்கிறது. அந்த மணச்சத்து நீரில் எளிதில் கரையாது. ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். ஆகவே மேனாடுகளில் காயை நறுக்கி ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறெடுக்கின்றனர். அமெரிக்காவில் ‘வெனிலா எக்ஸ்ட்ராக்ட்’ என்று பெயரிட்டு விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்கவேண்டும் என்பது சட்டம். கைப்பேசிப் படங்களில் அச்சமூட்டிக் காட்டப்படுவது இந்தச் சாறுதான். அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை.

ஆனால் நம் ஊர்க் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு குப்பியில் பெரும்பாலும் அந்தச் சாறு இருப்பதில்லை. உலகில் குங்குமப்பூவுக்கு அடுத்தபடியாக விலை கூடிய வாசனைப் பொருள் வெனிலா. அதை இந்த விலைக்கு யார் தருவார்? 1874ஆம் ஆண்டில் டீமன், ஹார்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் வெனிலாவின் மணச்சத்தான ‘வெனிலின்’ என்பதைச் செயற்கையாகச் செய்துகாட்டினர். இன்று உலகம் உண்ணும் வெனிலா மணத்தில் மிகப் பெரும்பகுதி இவ்வாறு ஆலையில் உருவானதே. அதைக் குப்பியில் அடைக்கும்போது கரைப்பானாக ஆல்கஹாலையும் சேர்க்கலாம்; போதை தராத புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தையும் சேர்க்கலாம். லேபிளில் பின்னதற்குரிய எண் 1520. வேதியியல் நூல்களில் இதையும் ஆல்கஹால் என்ற பெருங்குடும்பத்தில் சேர்த்துச் சொல்வதுண்டு. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். அக்குடும்பத்தில் மக்கள் போதைக்காகக் குடிப்பது எத்தனால் என்ற ஒன்றையே.

இன்னும் இரண்டு விஷயங்கள். பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளியைப் பார்த்து, இது ஹலால்தான் என்று திருப்தியடைவோர் பலர். பச்சைப் புள்ளி, இதில் மாமிசம், மீன், முட்டை போன்றவை இல்லை என்று மட்டுமே சொல்கிறது. ஆல்கஹாலைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. மறுபுறம், வெனிலா எஸன்ஸ் பீவர் என்ற பிராணியின் சுரப்பியிலிருந்து எடுக்கப்படுகிறது என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கொரு முறை சுற்றி வருகிறது. அத்தகைய சுரப்பு முற்காலத்தில் மணப்பொருளாகப் பயன்பட்டது உண்மை. அது கிடைப்பதற்கரியது, விலை கூடியது. மலிவான எஸன்ஸ் குப்பிக்குள் அதை ஊற்ற எந்த வியாபாரியும் முன்வரமாட்டார். செய்தி கொண்டுவருபவரைத் தீர விசாரியுங்கள் என்ற திருமறையின் கட்டளை (49:6) இத்தகைய செய்திகளுக்கும் பொருந்தும்.

அம்மையார் அனுப்பிய குப்பியை நாம் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தோம். பொடி எழுத்தில் இருந்தது: நீர், புரோப்பிலீன் கிளைக்கால், செயற்கை மணம். எத்தனால் இல்லை. அந்தத் தம்பி கைப்பேசியைப் பார்த்தார். கையிலிருந்த குப்பியைப் பார்க்கவில்லை. சாக்கடையில் ஓடியது ஐயத்துக்கு இடமில்லாத ஹலாலான பால்.

ஆல்கஹால் இருந்திருந்தால்?

அது இருந்திருந்தால் சட்டம் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மது படிப்படியாகத் தடுக்கப்பட்டு (2:219, 4:43), இறுதியில் ஷைத்தானின் செயலான அருவருப்பு என்று முற்றிலும் விலக்கப்பட்டது (5:90). எது அதிக அளவில் போதை தருமோ அதில் சிறிதளவும் ஹராம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியருளியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது அபூதாவூது, திர்மிதீ முதலிய நூல்களில் உள்ளது. ‘ஒரு சொட்டுத்தானே’ என்ற வாதத்துக்கு இந்த ஹதீது வாசலை அடைத்துவிட்டது.

எனினும் கேள்வி இதோடு முடிவதில்லை. ஒரு லிட்டர் பாலில் 5 மில்லி அசல் சாறு கலந்தால் அதிலுள்ள ஆல்கஹால் 1.75 மில்லி, ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. அந்தப் பாலை ஒருவர் வயிறு கொண்டமட்டும் குடித்தாலும் போதை வராது. ஹதீதின் சட்டம் பாலைப் பார்க்குமா, சாற்றைப் பார்க்குமா? இங்கேதான் உலமாக்கள் கருத்து வேறுபடுகின்றனர்.

தஞ்சைச் சீமையில் ஷாபிஈ மத்ஹபினரும் ஹனஃபி மத்ஹபினரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். இரு வீட்டாரும் பெருநாள் தட்டு மாற்றிக்கொள்கின்றனர். ஷாபிஈ மத்ஹபில் போதை தரும் திரவம் எதுவாயினும் நஜீஸ். அது பால் போன்ற திரவத்தில் சிறிதளவு விழுந்தாலும் பால் முழுவதும் நஜீஸாகும் என்பதே அடிப்படைச் சட்டம். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் அபூயூசுஃப் (ரஹ்) இருவரும் திராட்சை, பேரீச்சை ஆகியவற்றின் மதுவுக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடு கண்டனர். இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள் எல்லாவற்றையும் தடுத்தார்கள். குடிக்கும் விஷயத்தில் அவர்கள் சொல் மீதே ஃபத்வா நிலைபெற்றது. ஆயினும் மருந்து, அத்தர் போன்றவற்றில் கலக்கும் ஆலை ஆல்கஹால் திராட்சையிலிருந்தோ பேரீச்சையிலிருந்தோ எடுக்கப்படாதபோது, முன்னிருவர் சொல்லைக் கொண்டு சலுகை அளிக்க இடமுண்டு என்று முஃப்தி தகி உஸ்மானி போன்ற இக்காலத்து ஹனஃபி அறிஞர்கள் எழுதியுள்ளனர்.

மலேசிய நாட்டுத் தேசிய ஃபத்வாக் குழு 2011ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்தது. மணப்பொருளை நிலைநிறுத்தச் சேர்க்கப்படும் ஆல்கஹால், மது காய்ச்சும் தொழிலிலிருந்து வராததாகவும், முடிவில் உண்ணும் பண்டத்தில் 0.5 சதவீதத்துக்கு மேற்படாததாகவும் போதை தராததாகவும் இருந்தால் அப்பண்டம் ஆகுமானது என்று முடிவு செய்தது. அந்நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபினர் என்பதையும், குப்பியைக் கண்டு கொதித்த தம்பி அந்நாட்டிலிருந்துதான் வந்தார் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

இயற்கையாக ஊறுவதில் தோன்றும் நுண்ணிய அளவை மார்க்கம் துருவவில்லை. நாயகம் (ஸல்) அவர்களுக்காகப் பழம் ஊறவைத்த நபீது தயாரிக்கப்படும். அன்றும் மறுநாளும் மூன்றாம் நாள் மாலை வரையும் அதை அருந்துவார்கள். அதற்கு மேல் மிஞ்சினால் பணியாளருக்குக் கொடுத்துவிடுவார்கள், அல்லது கொட்டச் சொல்லிவிடுவார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. நம் வீட்டுப் பழைய சோறும் புளித்த தோசை மாவும் இந்த வகையிலேயே அடங்கும்.

கொதிக்க வைத்தால் ஆல்கஹால் ஆவியாகிவிடுமே என்று சில சகோதரிகள் கேட்பதுண்டு. அது பாதி உண்மை. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் விட்டுக் கலக்கினால் பெரும்பகுதி அதிலேயே தங்கிவிடும். நெடுநேரம் கொதித்தால் குறையுமே தவிர அறவே நீங்கிவிடாது. ஐஸ்கிரீமிலும் ஆறிய கஸ்டர்டிலும் ஆவியாகும் பேச்சுக்கே இடமில்லை. எனவே இந்தச் சமாதானத்தின் மீது சட்டத்தைக் கட்ட முடியாது.

இவற்றையெல்லாம் வைத்து நாம் அம்மையாருக்குச் சொன்னது இது: எத்தனால் இல்லாத குப்பியும், சர்க்கரையோடு கலந்த வெனிலாப் பொடியும் தெளிவான ஹலால். எத்தனால் உள்ளதை வாங்காமல் விடுவதே பேணுதல். அது இல்லாதது அதே கடையில் அதே விலைக்குக் கிடைக்கும்போது, கருத்து வேறுபாட்டுக்குள் நம்மை நாமே ஏன் தள்ளிக்கொள்ள வேண்டும்? ஆனால் நம்பகமான உலமாக்களின் சலுகையைப் பின்பற்றுகிறவரைப் பாவி என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ரம், பிராந்தி, ஒயின் ஊற்றிச் செய்த கேக்கு வகைகளோ, அதில் பேச்சே இல்லை, ஹராம். அறியாமல் கடந்துபோன முப்பது ஆண்டுகளுக்குக் குற்றமில்லை. தவறுதலாகச் செய்ததற்கு உங்கள் மீது குற்றமில்லை என்ற பொருளில் திருமறை (33:5) ஆறுதல் தருகிறது. நோன்புகளுக்கு ஒரு குறையுமில்லை. இனிப் பெருநாளைக்கு எஸன்ஸே வேண்டாம் என்றால் வட்டலப்பத்துக்கு நம் பாட்டிமார் இட்ட ஏலக்காய் எங்கும் போய்விடவில்லை.

சாக்கடையைப் பற்றிய கேள்வி

இனி இரண்டாம் கேள்வி. "மது தடுக்கப்பட்ட செய்தி வந்தவுடன் ஸஹாபாக்கள் மதீனாவின் தெருக்களில் கொட்டவில்லையா?" என்று அந்தத் தம்பி தம் தாயாரிடம் கேட்டாராம். உண்மைதான். அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்கள், கட்டளையைக் கேட்ட மாத்திரத்தில் எழுந்து கொட்டினார்கள். ஆனால் அவர்கள் கொட்டியது எதை? மது என்று உறுதியாகத் தெரிந்ததை. வீட்டுக்குரியவரே கொட்டச் சொன்னதை. தெளிவான கட்டளை வந்த பின்னர். இங்கே கொட்டப்பட்டதோ வேறொருவர் விடியுமுன் எழுந்து அன்போடு செய்த பண்டம். அதுவும் வெறும் ஐயத்தின் பேரில். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எப்படி நியாயமாகும்?

மது ஏன் தடுக்கப்பட்டது என்பதற்குத் திருமறையே காரணம் சொல்கிறது (5:91). மதுவையும் சூதையும் கொண்டு உங்களிடையே பகைமையையும் வெறுப்பையும் உண்டாக்க ஷைத்தான் விரும்புகிறான் என்பது அதன் கருத்து. மதுவைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டே இரு குடும்பங்களுக்கிடையில் பகைமையை மூட்டிவிட்டால் என்னவாயிற்று? ஷைத்தானுக்கு மதுவின் செலவு மிச்சம். அவன் விரும்பியது பால் பாத்திரத்திலேயே கிடைத்துவிட்டது.

பிறர் விரிப்பில் அமர்ந்திருக்கும்போது காட்ட வேண்டிய ஒழுக்கத்தையும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். புதிதாக இஸ்லாத்தை ஏற்ற சிலர் இறைச்சி கொண்டுவருகின்றனர். அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயர் கூறினார்களோ என்னவோ தெரியவில்லை என்று சிலர் கேட்டபோது, நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணுங்கள் என்று அருளினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது புகாரீயில் உள்ளது. வாங்கும்போது ஆராய வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. தட்டு நம் முன் வந்தபின் துருவித் துருவிக் கேட்பது பேணுதலன்று. ஹராம் என்று உறுதியாகத் தெரிந்தால் கையை எடுத்துக்கொள்ளலாம். அதையும் பிறர் முகம் சுருங்காதபடி செய்யலாம்.

இதை உபதேசமாக மட்டும் சொல்ல நமக்கு அருகதையில்லை. நாமும் தவறியிருக்கிறோம். ஸனது வாங்கி வந்த புதிதில் ஒரு வீட்டுப் பெருநாள் விருந்துக்குப் போயிருந்தோம். வயதான ஓர் அம்மையார் தம் கையாலேயே ரோஸ்மில்க் கலந்து அனுப்பினார்கள். "இதில் என்ன எஸன்ஸ் கலந்திருக்கிறது? நாங்கள் இதையெல்லாம் தொடுவதில்லை" என்று கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி டம்ளரைத் தள்ளி வைத்தோம். உடனிருந்தோர், மௌலவி சாஹிபின் பேணுதலைப் பாருங்கள் என்று பாராட்டினர். அந்தப் பாராட்டு அன்றைக்கு நமக்கு ரோஸ்மில்க்கைவிட இனித்தது. மறு பெருநாளைக்கு அந்த வீட்டிலிருந்து நமக்கு வந்த தட்டில் வாழைப்பழம் மட்டுமே இருந்தது. இந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தால் குற்றம் சொல்லமாட்டான் என்று யோசித்து யோசித்து அவர்கள் கண்டுபிடித்தது வாழைப்பழம். அந்தத் தட்டின் பொருள் விளங்க நமக்குப் பல ஆண்டுகள் ஆயின. மன்னிப்புக் கேட்கப் போகுமுன் அம்மையார் மறைந்துவிட்டார்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக!

கொசுவின் இரத்தம்

இராக்கிலிருந்து வந்த ஒருவர் கொசுவின் இரத்தத்தைப் பற்றி இப்னு உமர் (ரலி) அவர்களிடம் சட்டம் கேட்டார். அவர்களோ, நாயகத்தின் பேரரைக் கொன்ற ஊரார் கொசுவின் இரத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்களே என்று வியந்தார்கள். புகாரீயில் வரும் இச்செய்தி நம்மையும் நோக்கிப் பேசுகிறது.

எஸன்ஸ் குப்பியின் பொடி எழுத்தைப் படிப்பது நல்லது, படிக்கத்தான் வேண்டும். ஆனால் சகோதரிக்கு வாப்பாவின் நிலத்தில் சேரவேண்டிய பங்கைத் தராமல் விளைந்த நெல்லைக் குதிரில் கொட்டும்போது எந்த லேபிளைப் படித்தோம்? கைக்கூலியாக வந்த பணத்தில் விருந்து வைத்தபோது அதில் எத்தனை சதவீதம் ஹராம் என்று கணக்கிட்டோமா? நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்களின் கூலியை நாளை வா, மறுநாள் வா என்று இழுத்தடித்துவிட்டு, அந்தக் காசில் வாங்கிய பாலில் ஒரு சொட்டு எஸன்ஸைப் பற்றி ஃபத்வாக் கேட்கிறோமே! உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்பது நாயகத்தின் கட்டளையன்றோ?

வெனிலாவுக்கே அப்படியொரு கதை உண்டு. அதன் பூ விரிந்திருப்பது ஒரே நாளில் சில மணி நேரம். தாயகத்துக்கு வெளியே தானாகக் காய்ப்பதில்லை. மகரந்தத்தைக் கையால் விரைவாகச் சேர்க்கும் வழியை 1841ஆம் ஆண்டில் இந்துமாக்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். தோட்டக்காரர்கள் செல்வந்தராயினர். 1848இல் அடிமைத்தளை நீங்கியும் அவனுக்கு அந்தச் செல்வத்தில் பங்கு வரவில்லை. 1880இல் வறுமையிலேயே இறந்தான். இன்றளவும் ஒவ்வொரு பூவையும் ஒரு தொழிலாளியின் விரல்தான் தொடுகிறது. ஒரு பண்டத்தின் ஹலாலைப் பற்றிக் கவலைப்படுகிறவர், அதற்குப் பின்னாலிருக்கும் உழைப்பைப் பற்றியும் கவலைப்படுவதே முழுமையான பேணுதல்.

பேணுதல் என்பது தன் அடுப்படியிலும் தன் பணப்பெட்டியிலும் தொடங்க வேண்டியது. பிறர் தட்டில் தொடங்கினால் அது பெருமையாக முடியும். இதுவே நாம் சொல்ல விரும்பியது.

அன்று இஷாவுக்குப் பின் அந்தத் தம்பியே வந்தார். நல்ல பிள்ளை, ஹராமை அஞ்சும் உள்ளம் இக்காலத்தில் எளிதில் கிடைப்பதன்று. குப்பியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னோம். இரண்டு முறை வாசித்தார். நெடுநேரம் தலை குனிந்திருந்துவிட்டு, "இதுக்குக் கஃப்பாரா ஏதும் உண்டா ஹஜ்ரத்?" என்று கேட்டார். "கிதாபில் இல்லை தம்பி. முதலில் உங்கள் வீட்டாரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு அவர்களையும் அழைத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போங்கள். அங்கே என்ன கொடுத்தாலும் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றோம்.

ஹலாலைத் தேடும் கண்ணையும், பிறர் உள்ளத்தை உடைக்காத நாவையும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் சேர்த்தே வழங்குவானாக! ஆமீன்.